குண்டர் வரையறைக்குள் நுழையப் பார்த்த அவதூறு: ஒரு ‘சிறு’ திருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

“சார், இந்தப் பட்டியலில் அவதூறு எப்படி வந்தது? போன பதிப்பில் இல்லையே.”

கேட்டவர் எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அண்ணாச்சி. சட்டம் படித்தவர் அல்லர். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பில் தொழிலைத் தொடங்கி, கணினிக் காலத்திலும் சிவப்புப் பேனாவை விடாமல் வைத்திருப்பவர். இடம், தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி. காலம், 2024 ஆகஸ்டு. ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. புது எண்களோடு மாநிலச் சட்டத் தொகுப்பு எப்போது வரும் என்று உயர் நீதிமன்றப் பக்கமிருந்து நாள்தோறும் யாராவது ஒருவர் படியேறி வந்து கேட்டுப் போனார்கள். நாங்களும் அவசரத்தில் இருந்தோம். அவசரம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அந்தப் புரூஃப் தாள் சாட்சி.

தாளில் இருந்தது குண்டர் சட்டம்: 1982-இன் தமிழ்நாடு சட்டம் 14. முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வழக்கறிஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், பாலியல் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று தொடங்கி, வனக் குற்றவாளிகள், 2004-இல் திருட்டு வீடியோக்காரர்கள், பிறகு மணல், பாலியல், இணையக் குற்றவாளிகள் என்று காலந்தோறும் நீண்டுகொண்டே வந்த பெயர் அது. இந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் காவல் ஆணையரும் மாவட்டங்களில் ஆட்சியரும் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க ஆணையிடலாம். ஆகவே யார் ‘குண்டர்’ என்று சொல்லும் வரையறையில் ஒரு சொல் பிசகினால் ஒரு மனிதனின் ஓராண்டு பிசகும்.

அந்த வரையறையின் அடிப்படை வடிவம் இதுதான். தனியாகவோ, ஒரு கும்பலின் உறுப்பினராகவோ தலைவராகவோ இருந்து, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 8-ஆம் அத்தியாயத்தில் உள்ள 153, 153-அ பிரிவுகளின் கீழோ, 16, 17, 22 ஆகிய அத்தியாயங்களின் கீழோ வரும் குற்றங்களை வழக்கமாகச் செய்பவரும், செய்ய முயல்பவரும், அதற்கு உடந்தையாக இருப்பவரும் குண்டர். 1982-இல் இதை எழுதியவரின் வசதி புரிகிறது. 16 என்றால் மனித உடலுக்கு எதிரான குற்றங்கள், 17 என்றால் சொத்துக்கு எதிரானவை, 22 என்றால் மிரட்டலும் அவமதிப்பும். 1860 முதல் அப்படியே நிற்கும் ஒரு சட்டம். அத்தியாய எண்ணைச் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார். அந்தச் சட்டமே ஒருநாள் போய்விடும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

எங்கள் தொகுப்பில் வரையறைக்குக் கீழே, அந்த அத்தியாயங்களில் அடங்கும் குற்றங்களைப் பெயர் சொல்லி ஒரு பட்டியலாகப் போடுவது வழக்கம். கீழமை நீதிமன்றத்தில் நின்றுகொண்டு புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு அது உதவும். புதிய பதிப்பில், பழைய எண்களுக்குப் பக்கத்தில், தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுப்பது என்று முடிவு செய்தோம். வேலையை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பெண் வழக்கறிஞர் செய்தார். அத்தியாயத் தலைப்புக்கு நேராக அத்தியாயத் தலைப்பு என்று வைத்தார்: 16-க்கு 6, 17-க்கு 17, 22-க்கு 19.

நான் பார்த்ததும் முதல் வரியிலேயே பிழையைக் கண்டுபிடித்தேன். பழைய 16-ஆம் அத்தியாயத்தில் பாலியல் வன்முறை, பெண்ணின் கண்ணியத்துக்கு ஊறு விளைவித்தல், வரதட்சணை மரணம் எல்லாம் உடல் சார்ந்த குற்றங்களாகவே இருந்தன. சன்ஹிதா அவற்றைப் பிரித்தெடுத்து, ‘பெண்ணுக்கும் குழந்தைக்கும் எதிரான குற்றங்கள்’ என்ற தலைப்பில் 5-ஆம் அத்தியாயம் ஆக்கியிருக்கிறது. பிரிவுகள் 63 முதல் 99 வரை. ஆகவே 6 என்று மட்டும் போட்டால் பாலியல் வன்முறை வரையறையிலிருந்து நழுவிவிடும். (2014 முதல் பாலியல் குற்றவாளி என்ற தனி வகை இந்தச் சட்டத்திலேயே உண்டு என்பது வேறு விஷயம்.) ‘6’ என்பதை ‘5, 6’ என்று திருத்தினேன். அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். தாள் தட்டச்சுக்குப் போனது. பட்டியலும் அதற்கேற்ப நீண்டது.

அதைத்தான் அண்ணாச்சி நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பட்டியலின் கடைசியில் இருந்த அவதூறைச் சிவப்பில் வளைத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. பழைய பதிப்பில் பட்டியல் எதில் முடிந்தது என்பது அவர் நினைவில் இருந்தது: குடித்துவிட்டுப் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடப்பது, 510-ஆம் பிரிவு. அதற்குப் பிறகு வெற்றிடம். இப்போது அந்த வெற்றிடத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. எழுத்தை எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது போதும்.

அவதூறு எப்படி வந்தது? பழைய தண்டனைச் சட்டத்தில் அவதூறு 21-ஆம் அத்தியாயம். அதற்கென்றே தனி வீடு, பிரிவுகள் 499 முதல் 502 வரை. குண்டர் வரையறை சொன்னது 22. பக்கத்து வீடுதான், ஆனால் வேறு வீடு. சன்ஹிதா இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதன் 19-ஆம் அத்தியாயத்தில் 351 மிரட்டல், 352 அவமதிப்பு, 353 பொது அமைதியைக் குலைக்கும் செய்தி, 355 குடித்துவிட்டு ஒழுங்கீனம், 356 அவதூறு, 357 ஆதரவற்றவரைக் கவனிக்கும் ஒப்பந்தத்தை மீறுவது. ஆக, ‘22’ என்பதை ‘19’ என்று மாற்றினால், மேடையில் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி அடிக்கடி வாய்விட்டு நான்கைந்து அவதூறு வழக்குகளைச் சுமந்து திரியும் பேச்சாளர் எழுத்தளவில் குண்டர் வரையறைக்குள் வந்துவிடுவார். தடுப்புக் காவலுக்குப் பொது ஒழுங்குக்குக் கேடு என்பதும் காட்டப்பட வேண்டும். ஆகவே நடைமுறையில் அவரை அடைப்பது எளிதல்ல. ஆனால் எழுத்து அவரை உள்ளே விட்டிருக்கும். தமிழ்நாட்டு அரசியல் மேடையை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பேர் என்று தெரியும்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் மாலை முழுக்க உட்கார்ந்து பட்டியலை வரிவரியாகப் பார்த்தோம். என் பெருமை அப்போதுதான் கரைந்தது. நான் சேர்த்த ‘5’-உம் தவறு. சன்ஹிதாவின் 5-ஆம் அத்தியாயத்துக்குள் பழைய 20-ஆம் அத்தியாயத்தின் திருமணக் குற்றங்களும் 20-அ அத்தியாயமும் வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் மனைவி இருக்கும்போது மறுமணம் 494-இலிருந்து 82-க்கு வந்தது. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை 498-அ-விலிருந்து 85, 86-க்கு வந்தது. இவை எந்தக் காலத்திலும் குண்டர் வரையறையில் இருந்தவை அல்ல. எதிர்ப்பக்கம், பெண்ணை அவமதிக்கும் சொல், சைகை பற்றிய 509 பழைய 22-ஆம் அத்தியாயத்தில் இருந்தது. இப்போது 79 ஆகி 5-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. 5-ஐ எடுத்துவிட்டால் இது வெளியே போகும்; வைத்தால் இருதார மணம் உள்ளே வரும்.

6-ஆம் அத்தியாயத்திலும் ஒரு பொறி. அதன் 111, 112, 113 பிரிவுகள் பழைய தண்டனைச் சட்டத்தில் இல்லாதவை: திட்டமிட்ட குற்றம், சிறு அளவிலான திட்டமிட்ட குற்றம், பயங்கரவாதச் செயல். அந்த 112-க்குள் என்னென்ன இருக்கின்றன என்று அந்த இளம் வழக்கறிஞர் சத்தமாகப் படித்தார். கும்பலாகச் சேர்ந்து திருடுவது, ஏமாற்றுவது, அனுமதியின்றி டிக்கெட் விற்பது, சூதாட்டம், தேர்வு வினாத்தாள் விற்பது. தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கும் கோஷ்டிக்கு ‘6’ என்ற ஒற்றை எண்ணால் ஓராண்டுத் தடுப்புக் காவலின் கதவு திறக்கிறது. அண்ணாச்சி சிரித்துவிட்டார். தேவையா தேவையில்லையா என்பது சட்டமன்றம் விவாதித்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி. எண் மாற்றத்தின் முதுகில் ஏறி வரக்கூடாது.

எண் அப்படியே இருந்த 17-தான் கடைசிவரை எங்களைச் சந்தேகப்பட வைத்தது. சொத்துக் குற்றங்கள் அங்கேயும் 17, இங்கேயும் 17. புதிதாக ஒரே ஒரு பெயர்: 304, பறிப்பு. சங்கிலிப் பறிப்புக்கென்று வந்த பிரிவு. ஆனால் அதன் முதல் சொற்களே திருட்டு எப்போது பறிப்பாகும் என்றுதான் தொடங்குகின்றன. திருட்டு ஏற்கெனவே வரையறைக்குள் இருந்தது. ஆகவே இங்கே வட்டம் பெரிதாகவில்லை. ஒரு மணி நேரம் தேடி ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

இப்போது சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எந்த எண்ணை அச்சடித்தாலும் சட்டம் மாறாது. நாங்கள் வெறும் பதிப்பாளர்கள். 1897-இன் பொதுப் பிரிவுகள் சட்டம், பிரிவு 8, ஒரு சட்டவிதி நீக்கப்பட்டு மறுபடி இயற்றப்பட்டால், வேறு சட்டங்களில் பழைய விதியைக் குறிக்கும் இடங்களை எல்லாம் மறுபடி இயற்றப்பட்ட விதியைக் குறிப்பதாகக் கொள்ளச் சொல்கிறது. 2024 ஜூலை 16 அன்று மத்திய அரசும் ஓர் அறிவிக்கையில், மாநிலச் சட்டங்களில் வரும் குறிப்புகளையும் அவ்வாறே படிக்க வேண்டும் என்றது. இதன்படி பார்த்தால் ‘22-ஆம் அத்தியாயம்’ என்பது ஓர் எண் அல்ல, ஒரு மூட்டை. மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பிரிவும் இப்போது எங்கே குடியேறியிருக்கிறது என்று தேட வேண்டும். 509 போன இடத்துக்கு வரையறையும் போகும். 356 பழைய மூட்டையில் இல்லை, ஆகவே வராது. மறுபடி இயற்றப்படாமல் புதிதாகப் பிறந்த 111-உம் வராது. தடுப்புக் காவல் சட்டத்தின் சொற்களைக் குறுக்கிப் பொருள்கொள்வதுதான் நீதிமன்றங்களின் வழக்கம் என்பதால் இந்த வாசிப்பே சரி என்பது என் கருத்து.

இங்கே நான் ஒரு கட்சி மாறினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ‘இதை இப்படிப் படித்துக்கொள்க’ என்று சொல்லும் பொருள்கொள் விதிகள் எனக்கு எப்போதும் பிடிக்காதவை. அரசுக்கு வேலை மிச்சம். படிக்கிறவன் ஒரு வரியைப் புரிந்துகொள்ள மூன்று சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் உண்டு. நகருக்கென்று இயற்றப்பட்ட பழைய சட்டங்களில் பிரசிடென்சி மாஜிஸ்திரேட் என்று இருக்கும். 1974 ஏப்ரல் 1 முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அவரைப் பெருநகர் நடுவராகப் படிக்கச் சொன்னது. அந்த நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பெருநகர் நடுவர் என்ற பதவியே இல்லை. அதன் 3-ஆம் பிரிவு வெறும் நடுவரையும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு நடுவரையும் பற்றித்தான் பேசுகிறது. பழைய சட்டத்தின் தாளில் மட்டும் அந்தப் பிரசிடென்சி மாஜிஸ்திரேட் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். இது நல்ல நிலை அல்ல.

ஆனால் குண்டர் வரையறையைப் பொறுத்தவரை, ஒன்றும் செய்யாமல் விட்ட பொருள்கொள் விதி சரியான விடையைத் தந்தது. அக்கறையோடு உட்கார்ந்து மாற்றிய நாங்கள் இரண்டு முறை தவறினோம். சும்மா இருந்த சட்டம் சரி, திருத்திய கை தவறு.

பழைய திருத்தங்களோடு ஒப்பிட்டால் காரணம் தெரிகிறது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தபோது, நாணயச் சட்டத்தின் ஒரே விதி நாட்டின் எல்லாச் சட்டங்களையும் சரிசெய்தது: 16 அணா, 64 பழைய காசு, 192 பை, எல்லாம் 100 நயா பைசா. அது கணக்கு, பெருக்கினால் தீர்ந்தது. 1969 ஜனவரி 14 அன்று மாநிலம் தமிழ்நாடு ஆனபோது வந்த தழுவல் ஆணை சொல்லுக்குச் சொல் வைத்தது. எங்கள் தொகுப்பின் அடிக்குறிப்புகளில் பாதி அந்த ஆணைதான். அங்கே சிக்கல், ஆங்கிலத்தில் ஒரே ‘மெட்ராஸ்’ மாநிலத்தையும் நகரத்தையும் குறித்தது. எதை மாற்றுவது, எதை விடுவது என்று பார்க்க வேண்டியிருந்தது. 1996-இல் நகரத்தின் முறை வந்தது. 1888-இன் நகரக் காவல் சட்டத்தின் பெயரில் அப்போதுதான் ‘சென்னை’ ஏறியது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வேலை இல்லை. நமக்கு அது எப்போதும் சென்னைதான்.

சொல்லுக்குச் சொல் வைப்பதும் எளிதல்ல என்பதற்கு 2020 நினைவிருக்கும். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை ஜூனில் வெளியே வந்தது. வேலூரின் புது எழுத்துக்கூட்டலைப் பார்த்தவர்கள் வீலூர் என்று படித்துச் சிரித்தார்கள். சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அங்கே பிழை எல்லார் கண்ணிலும் பட்டது, அதனால் பிழைத்தோம். அத்தியாய எண்ணில் உள்ள பிழையைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

2024-இல் நடந்தது கணக்கும் அல்ல, சொல்லும் அல்ல. 511 பிரிவுகள் 358 ஆனபோது அறைகளின் சுவர்களை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய அறை எண்ணுக்குப் புது அறை எண் எழுதினால், உள்ளே வேறு ஆள் இருப்பார்.

அப்படியானால் சட்டமன்றம் இந்த வரையறையைத் திருத்துவதென்றால் எப்படி எழுதுவது? வரைவு எழுதுவது என் தொழில் அல்ல. ஆனாலும் அந்த வாரம் ஒரு நோட்டில் முயன்று பார்த்தேன். முதலில் அத்தியாயம் என்ற சொல்லே வேண்டாம். பிரிவுகளை வெளிப்படையாக ஓர் அட்டவணையில் எழுதிவிட வேண்டும்: இடப்பக்கம் பழைய பிரிவு, வலப்பக்கம் புதியது, நேர் பிரிவு இல்லாத இடத்தில் ‘இல்லை’. இயற்கைக்கு மாறான குற்றங்கள் பற்றிய பழைய 377-க்கு நேராக ‘இல்லை’ என்றுதான் வரும். இரண்டு பக்கம் பிடிக்கும், பார்க்க அழகாக இராது. பரவாயில்லை.

இரண்டாவது விஷயத்தை நான் தவறவிட்டிருப்பேன். இளம் வழக்கறிஞர்தான் கேட்டார். “சார், ‘வழக்கமாக’ என்பதை எதை வைத்து நிரூபிப்பார்கள்? பழைய வழக்குகளை வைத்துத்தானே? அவையெல்லாம் தண்டனைச் சட்டத்தின் கீழ் உள்ளவை.” சரியான கேள்வி. 2022-இல் இரண்டு, 2023-இல் ஒன்று, 2025-இல் ஒன்று என்று ஒருவர்மேல் வழக்குகள் இருந்தால், முதல் மூன்றும் பழைய எண்களில் இருக்கும். திருத்தச் சட்டம் ‘இந்தியத் தண்டனைச் சட்டம்’ என்ற சொற்களுக்கு மாற்றாக சன்ஹிதாவை வைத்தால், நான்காவது மட்டும் வரையறைக்குள் நிற்கிறது. ஒரு வழக்கை வைத்து வழக்கம் என்று சொல்ல முடியாது என வாதிட இடம் கிடைக்கும். ஆகவே ‘மாற்றாக’ அல்ல, ‘அல்லது’. பழைய சட்டமும் வரையறையில் இருக்க வேண்டும், புதியதும் சேர வேண்டும். காலாவதியான சட்டத்தின் பெயரைத் துடைத்துச் சுத்தம் செய்வது என்ற ஆசைக்கு இது நேர் எதிர். சில இடங்களில் செத்துப்போன சட்டத்தின் பெயரை வைத்திருந்தால்தான் உயிருள்ள சட்டம் வேலை செய்யும்.

இதே சட்டத்தில் எண் மாற்றம் நேராக வேலை செய்யும் இடங்களும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். 153-உம் 153-அ-வும் 192, 196 ஆகின்றன. பெயர் சொல்லிக் குறித்ததால் குழப்பம் இல்லை. மற்ற மாநிலச் சட்டங்களில் அடிக்கடி வருவது, இன்னின்ன அலுவலர் தண்டனைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் பொருளில் பொதுப் பணியாளராகக் கருதப்படுவார் என்ற வாசகம். அது இப்போது 2-ஆம் பிரிவின் 28-ஆம் கூறு. அவ்வளவுதான், இதற்கெல்லாம் ஒரு மாலையைச் செலவழிக்கத் தேவையில்லை.

எங்கள் பதிப்பில் என்ன செய்தோம்? சதுர அடைப்புக்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டோம். வரையறையின் வாசகம் சட்டத்தில் உள்ளபடியே போனது. அடியில், பிரிவுக்குப் பிரிவு நேர்ப்பட்டியல். அது பதிப்பாசிரியர் குறிப்பு, சட்டத்தின் பகுதி அல்ல என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அந்த வரி எனக்கு முக்கியம். தடுப்புக் காவல் ஆணைகளில் பிரிவு எண்ணையும் மொழிபெயர்ப்பையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். தமிழாக்கத்தில் பிழை, படிக்க முடியாத நகல் என்ற காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரத்தான ஆணைகள் ஏராளம். யாரோ ஓர் எழுத்தர் எங்கள் அடைப்புக்குறியைச் சட்டம் என்று நினைத்து நகலெடுத்தால் அதன் விலையை யார் கொடுப்பது? புத்தகம் மூன்று வாரம் தாமதமானது. முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி ஃபாரம் அச்சுக்குப் போகும் நாளில் அண்ணாச்சி மறுபடி வந்தார். கையில் முகப்புத் தாள். சட்டத்தின் நீண்ட பெயரில் ‘வீடியோ’ என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு.

“திருட்டு வீடியோ என்று இருக்கிறதே சார். இப்போது யார் வீடியோ கேசட் வைத்திருக்கிறார்கள்? பழசாகிவிட்டதே, மாற்ற வேண்டாமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. அந்தச் சொல்லை மாற்றினால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே போவார்கள் என்று மறுபடி எண்ண வேண்டும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிவிட்டுக் கீழே அச்சுக்கூடத்துக்குப் போனார்.